காமிராத் தொழில்: தகப்பனார் எதில் முதல் போடுவது?



நம் கடைக்காரக் குடும்பங்களில் பையன் ஐந்தாம் படிவம் முடித்ததும் வீட்டில் எழும் பேச்சு எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான். கடையில் உட்கார வைப்பதா, மேற்படிப்புக்கு அனுப்புவதா, கோலாலம்பூரில் உறவினர் கடையில் கொண்டுபோய் விடுவதா என்று யோசிப்போம். சில ஆண்டுகளாக இந்தப் பேச்சில் புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. "அத்தா, நான் காமிராத் தொழிலுக்குப் போகிறேன். ஒரு காமிரா வாங்கித் தாருங்கள்" என்று பையன் கேட்கிறான். சில தகப்பன்மார் கோபித்துக்கொள்கிறார்கள். சிலர் பாசத்தால் கல்லாவைத் திறந்து ஆயிரக்கணக்கான வெள்ளியை எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். இரண்டும் தொழிலை விசாரிக்காமல் செய்கிற காரியமே. ஒரு மூட்டை மிளகாய் கொள்முதல் செய்வதானாலும் கையை உள்ளே விட்டு அள்ளி, முகர்ந்து, காய்ச்சல் பார்த்துத்தானே எடுக்கிறோம்? பிள்ளையின் வாழ்நாள் அதைவிட விலை குறைந்த சரக்கா?

ஆகவே இந்த இதழில் சினிமா, டெலிவிஷன் காமிராத் தொழிலை ஒரு பாடமாக எடுத்துக்கொள்வோம். பாடத்தின் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது மற்றொருவரின் கீழ் நின்று பழக வேண்டிய கைத்தொழில். தகப்பனார் முதல் போட வேண்டிய இடம் அந்தப் பழகும் ஆண்டுகள். கருவி வாங்குவது அதற்குப் பிந்திய காரியம். ஏன் அப்படி என்பதற்கான காரணங்களையே கீழே படிப்படியாகக் காணப்போகிறோம்.

1. காமிரா என்ற சொல்லும் அதன் மூலமும்

காமிரா என்ற சொல் அரபியிலிருந்து பிறந்தது என்று நம்மில் சிலர் பெருமையாகச் சொல்வதுண்டு. அது சரியல்ல. அது லத்தீன் சொல்; அறை என்பது பொருள். இருட்டறை என்று பொருள்படும் 'காமிரா அப்ஸ்கூரா' என்பதிலிருந்து அந்தப் பெயர் நிலைத்தது. ஆனால் சொல் நமதன்று என்பதால் வருந்த வேண்டியதில்லை. அந்த இருட்டறையின் வித்தையை ஆழ்ந்து ஆராய்ந்தவர்களில் முதன்மையானவர் பஸ்ராவில் சுமார் 965-ஆம் ஆண்டு பிறந்து கெய்ரோவில் வாழ்ந்து சுமார் 1040-இல் மறைந்த இப்னு ஹைதம் அவர்கள்.

கண்ணிலிருந்து ஒருவிதக் கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதால்தான் நாம் பார்க்கிறோம் என்று முன்னோர் பலர் நம்பியிருந்தார்கள். பொருளிலிருந்து வெளிச்சம் நேர்க்கோட்டில் வந்து கண்ணில் விழுவதால்தான் பார்வை உண்டாகிறது என்பதை அவர் தம்முடைய 'கிதாபுல் மனாழிர்' என்னும் நூலில் சோதனைகளோடு நிலைநாட்டினார். சூரிய கிரகணத்தின்போது ஒரு சிறு துவாரத்தின் வழியே இருட்டான இடத்தில் விழும் பிம்பம் பிறைபோல் இருப்பதையும் ஆராய்ந்து தனியாக எழுதினார். அந்நூல் லத்தீனில் மொழிபெயர்க்கப்பட்டு ஐரோப்பாவின் அறிஞர்களுக்கெல்லாம் பாடமாயிற்று. 2015-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை ஒளியின் ஆண்டாகக் கொண்டாடியபோது, ஆயிரம் ஆண்டுக்கு முந்திய அவருடைய ஆராய்ச்சியும் சிறப்பாக நினைவுகூரப்பட்டது.

இதை இங்கே எடுத்துச் சொல்லக் காரணம் உண்டு. இன்றைக்கு எத்தனை ஆயிரம் வெள்ளி விலையுள்ள காமிராவானாலும் அது அந்த இருட்டறையே. துவாரத்தில் கண்ணாடி வில்லை வந்தது. எதிர்ச்சுவரில் முதலில் பிலிமும் பிறகு மின்னணுத் தகடும் வந்தன. உள்ளே வருவது அதே வெளிச்சம். வெளிச்சத்தைத் தெரிந்தவனே தொழிலைத் தெரிந்தவன். கருவி ஐந்தாறு ஆண்டில் பழசாகிவிடும். வெளிச்சத்தைப் பற்றிய அறிவு பழசாகாது.

2. நம் நாட்டில் இத்தொழில் வேரூன்றிய விதம்

யுத்தம் முடிந்த பின் சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸில் ஷா சகோதரர்களின் மலாய் பிலிம் புரொடக்ஷன்ஸ் ஸ்டுடியோ 1947 முதல் 1967 வரை மும்முரமாக நடந்தது. பி. எஸ். ராஜ்ஹான்ஸ், பி. என். ராவ், எல். கிருஷ்ணன், பணி மஜும்தார் முதலிய இந்தியர்கள் அங்கே மலாய்ப் படங்களை இயக்கினார்கள். 1956-இல் வண்ணத்தில் வந்த 'ஹாங் துவா' படத்தை இயக்கியவர் பணி மஜும்தார். அதற்குக் காமிரா பிடித்தவர் என். பி. வாசுதேவ். அந்த ஸ்டுடியோவில்தான் பினாங்கிலிருந்து 1948-இல் பாட்டுப் பாடப் போன வாலிபர் பி. ரம்லி, மற்றவர்கள் வேலை செய்வதை அருகில் நின்று பார்த்துப் பழகி 1955-இல் 'பெனாரிக் பெச்சா' படத்தைத் தாமே இயக்கும் நிலைக்கு உயர்ந்தார். அவருடைய படங்கள் பலவற்றுக்குக் காமிரா பிடித்தவர் ஏ. பக்கர் அலி. பள்ளிக்கூடமோ பட்டமோ இல்லாத காலத்தில் ஸ்டுடியோவே பள்ளியாக இருந்தது என்பதை இதிலிருந்து அறியலாம்.

கோலாலம்பூரை அடுத்த உலு கிள்ளானில் மெர்டேக்கா ஸ்டுடியோ 1960-களின் தொடக்கத்தில் எழுந்தது. ரம்லி 1964-இல் அங்கே வந்து சேர்ந்தார். தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகமான பினாஸ் 1981-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உண்டானபோது, பின்னர் அதே இடத்தில்தான் தன் அலுவலகத்தை அமைத்துக்கொண்டது.

டெலிவிஷன் நம் நாட்டில் 1963 டிசம்பர் 28-இல் ஆரம்பமாயிற்று. முதலில் ஜாலான் அம்பாங்கில் உள்ள துங்கு அப்துல் ரஹ்மான் மண்டபத்திலிருந்து ஒளிபரப்பினார்கள். 1969-இல் அங்காசாபுரிக்கு மாறினார்கள். 1978-இல் வண்ணம் வந்தது, 1984-இல் டி.வி. 3, 1996-இல் ஆஸ்ட்ரோ வந்தன. 2019-இல் பழைய அலை முறை ஒளிபரப்பு நிறுத்தப்பட்டு, முழுவதும் டிஜிட்டல் முறையாயிற்று. இப்படி ஒவ்வொரு படியிலும் கருவிகள் மாறின. ஆனால் காமிராவின் பின்னால் ஓர் ஆள் நிற்க வேண்டிய தேவை மாறவில்லை.

வெளிநாட்டுப் படக் கம்பெனிகளும் இங்கே வருகின்றன. தமிழ்ப் படமான 'பில்லா' 2007-இல் பெரும்பகுதி மலேசியாவில் எடுக்கப்பட்டது. 2016-இல் வெளிவந்த 'கபாலி'யின் முக்கியப் பகுதிகளும் இங்கேதான் எடுக்கப்பட்டன. நம் பேராக்கின் ஈப்போ நகரம் யாஸ்மின் அகமதுவின் 'செப்பெட்' படத்திலும், 2009-இல் வந்த 'டேலண்டைம்' படத்திலும் இடம்பெற்றிருப்பதை நேயர்கள் பார்த்திருக்கலாம். வரும் கம்பெனிகளுக்குச் செலவில் 30 சதவீதம் திருப்பிக் கொடுக்கும் ஊக்கத் திட்டம் 2013-இல் தொடங்கப்பட்டது. வெளிநாட்டான் தன் தலைமை ஒளிப்பதிவாளரைக் கூடவே அழைத்து வருவான். ஆனால் உதவியாட்கள் எல்லாரையும் விமானம் ஏற்றி வருவது கட்டுப்படியாகாது. உள்ளூரில் தேடுவான். அந்த இடம்தான் பழகியவனுக்கு வாசல்.

இன்னொன்றையும் சிந்திக்க வேண்டும். சயாம் ரயில் பாதையில் நம் நாட்டுத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். அந்தப் பாதையைப் பற்றி 1957-இல் வந்து உலகப் புகழ் பெற்ற 'குவாய் நதிப் பாலம்' என்ற ஆங்கிலப் படத்தின் கதையோ வெள்ளைக்காரப் போர்க் கைதிகளைப் பற்றியது. யார் காமிராவை எங்கே வைக்கிறார்களோ, அவர்கள் பார்ப்பதையே உலகம் பார்க்கிறது. 2015-இல் சஞ்சய் குமார் பெருமாள் இயக்கி, செந்தில் குமரன் முனியாண்டி காமிரா பிடித்த 'ஜகாட்' என்னும் தமிழ்ப் படம், தோட்டத்தை விட்டுப் பெயர்ந்த குடும்பங்களின் வாழ்வைக் காட்டியது. 2016-ஆம் ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் அது சிறந்த மலேசியப் படமென்று பரிசு பெற்றது. நம்மவர் கையிலும் இத்தொழில் இருப்பது வீண் ஆடம்பரம் அல்ல என்பதற்கு இது போதும்.

3. காமிராவைச் சுற்றி நிற்பவர்கள்

காமிராமேன் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். உண்மையில் அது ஒரு வரிசை. நம் கடையிலே எடுபிடிப் பையன், நிறுவைக்காரர், கணக்குப்பிள்ளை, முதலாளி என்று படிகள் இருப்பதைப் போல, அங்கேயும் படிகள் உண்டு.

சினிமாவில் எல்லோருக்கும் மேலே இருப்பவர் ஒளிப்பதிவாளர். எந்தக் காட்சிக்கு எவ்வளவு வெளிச்சம், எந்தத் திசையிலிருந்து, என்ன நிறத்தில் என்பதை இயக்குநருடன் கலந்து தீர்மானிப்பவர் இவரே. காமிராவைக் கையாண்டு சட்டத்துக்குள் எது அடங்க வேண்டுமென்று பார்ப்பவர் காமிரா இயக்குபவர். தமிழ்ப் படங்களில் இந்த இரண்டு வேலையையும் ஒருவரே செய்வதும் வழக்கம். அடுத்தவர் முதல் உதவியாளர். நடிகர் நகர நகரத் தூரத்தைக் கணித்துத் தெளிவு கெடாமல் வில்லையைத் திருப்பிக்கொண்டே இருப்பது அவர் வேலை. இது கண்ணுக்குத் தெரியாத வேலை. ஆனால் ஒரு சாண் தவறினாலும் காட்சி வீண். அதற்கடுத்த உதவியாளர் வில்லைகளைச் சுத்தம் செய்வார், மின்கலங்களுக்கு மின்சாரம் ஏற்றுவார், கட்டை அடிப்பார், ஒவ்வொரு பதிவையும் குறித்து வைப்பார். விளக்குகளுக்கு ஒரு கூட்டம், தண்டவாளமும் கிரேனும் தள்ளுவதற்கு ஒரு கூட்டம் என்று தனித்தனியே இருக்கும்.

டெலிவிஷன் ஸ்டுடியோவில் முறை வேறு. மூன்று நான்கு காமிராக்கள் ஒரே சமயத்தில் இயங்கும். இயக்குநர் தனி அறையில் உட்கார்ந்துகொண்டு காதுக்குழாய் வழியாகச் சொல்லுவார். எந்தக் காமிராவின் படம் வெளியே போகிறதோ அதன் சிவப்பு விளக்கு எரியும். அந்த விளக்கு எரியும்வரை கை அசங்கக் கூடாது. அணைந்த மறுகணம் அடுத்த காட்சிக்குத் தயாராக வேண்டும். பந்தாட்ட மைதானத்தில் நடுக்கோட்டுக்கு நேரே உயரத்தில் நிற்கும் காமிராக்காரர் தொண்ணூறு நிமிடமும் பந்தை விட்டுக் கண்ணை எடுக்க முடியாது. செய்திக்குப் போகிறவரோ தனி ஆள். வெள்ளத்திலும் நெரிசலிலும் தாமே தூக்கி, தாமே எடுத்து, நேரத்துக்கு அனுப்ப வேண்டும்.

இந்த வேலைகளில் எதற்குத் தன் பிள்ளையின் சுபாவம் பொருந்தும் என்று தகப்பனார் பார்க்க வேண்டும். பொறுமையும் ஒழுங்கும் உள்ளவன் உதவியாளராகப் பிரகாசிப்பான். சுறுசுறுப்பும் துணிவும் உள்ளவன் செய்திக்குப் பொருந்துவான்.

4. வெளிச்சம் என்னும் சரக்கு

இனி தொழிலின் உட்பொருளைச் சிறிது காண்போம். பையன் உண்மையாகவே கற்றிருக்கிறானா என்று சோதிக்கத் தகப்பனாருக்கும் இவ்வளவு தெரிந்திருப்பது நல்லது.

முதலாவது துவாரம். வில்லையின் மேல் எஃப் 2.8, 4, 5.6, 8, 11, 16 என்று எண்கள் இருக்கும். ஒவ்வொரு எண்ணும் முந்தியதில் பாதி வெளிச்சத்தையே உள்ளே விடும். எண் கூடக் கூடத் துவாரம் சிறுக்கும். அப்போது அருகிலும் தொலைவிலும் உள்ள பொருள்கள் அதிக அளவில் தெளிவாக விழும். எண் குறைந்தால் ஒரு முகம் மட்டும் தெளிவாகி, பின்னால் இருப்பது மங்கும்.

இரண்டாவது வேகம். சினிமா ஒரு வினாடிக்கு 24 படம். நம் நாட்டு டெலிவிஷன் 25 படம். நம் மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று. ஆகவே கடையில் எரியும் குழல் விளக்குகள் பல வினாடிக்கு 100 முறை மங்கி ஒளிர்கின்றன. கண்ணுக்குத் தெரியாது, காமிராவுக்குத் தெரியும். திரை திறக்கும் நேரத்தை ஒரு வினாடியில் ஐம்பதில் ஒரு பங்காக வைத்தால் அந்தத் துடிப்பு படத்தில் விழாது. 24 படம் எடுக்கிறவர்கள் இதற்காகவே திரையின் திறப்பை 172.8 பாகையாக வைக்கிறார்கள். பையனிடம் "கடை விளக்கின் கீழ் எடுத்தால் படம் ஏன் துடிக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொன்னால் அவன் படித்திருக்கிறான்.

மூன்றாவது நிறம். வெளிச்சத்துக்கும் நிறம் உண்டு. பகல் வெளிச்சத்தை 5600 கெல்வின் என்றும், பழைய ஸ்டுடியோ இழை விளக்கை 3200 கெல்வின் என்றும் கணக்கிடுவார்கள். முன்னது நீலம் கலந்தது. பின்னது மஞ்சள் கலந்தது. நம் ஊர்க் கடையொன்றின் வாசலில் நின்று எடுத்தால் வெளியே ஒரு நிறமும் உள்ளே ஒரு நிறமும் இருக்கும். இதைச் சமன் செய்யத் தெரியாதவன் எடுத்த நிக்காஹ் படத்தில் மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டை நீலமாகவோ மஞ்சளாகவோ நிற்கும்.

நான்காவது கோடு. இருவர் எதிரெதிரே பேசும்போது அவர்களுக்கிடையே ஒரு கோடு இருப்பதாக எண்ணிக்கொண்டு, காமிரா அதன் ஒரு பக்கத்திலேயே நிற்க வேண்டும். நம் கல்லாமேசையை நினைத்தால் இது விளங்கும். கடைக்காரர் இடப்புறம், வாடிக்கையாளர் வலப்புறம் என்று ஒரு படம் எடுத்துவிட்டு, அடுத்த படத்தை மறுபக்கம் போய் நின்று எடுத்தால், திரையில் இருவரும் இடம் மாறிப் போவார்கள். யார் விற்கிறார், யார் வாங்குகிறார் என்றே பார்ப்பவர் தடுமாறுவார்.

இவற்றையெல்லாம் பழகுவதற்குப் பாகான் டத்தோ குறைந்த இடமல்ல. காலையில் தென்னந்தோப்புக்குள் ஓலையிடுக்கில் வெளிச்சம் துண்டு துண்டாக விழுகிறது. உச்சிவேளையில் முகத்தில் கண்குழி கறுக்கிறது. மாலையில் பேராக் ஆறு கடலோடு சேரும் முகத்துவாரத்தில் சூரியன் மலாக்கா நீரிணையில் இறங்கும்போது, படகுத்துறையில் நிற்பவர் முகம் எதிர்வெளிச்சத்தில் நிழலாகிவிடுகிறது. ஒரே படகை, ஒரே இடத்திலிருந்து, காலை, பகல், மாலை மூன்று வேளையும் கைத்தொலைபேசியிலேயே எடுத்து, ஒவ்வொன்றும் ஏன் வேறுபடுகிறது என்று ஒரு நோட்டில் எழுதி வரட்டும். மூன்று மாதம் இதை விடாமல் செய்கிறவனுக்குத் தொழிலில் மனம் இருக்கிறது. மூன்று வாரத்தில் விட்டுவிட்டவனுக்குக் காமிராவின் மேல்தான் ஆசை.

பிலிம் இருந்த காலத்தில் ஆயிரம் அடிச் சுருள் ஏறக்குறைய 11 நிமிடத்தில் ஓடி முடிந்துவிடும். ஆகவே யோசித்து, ஒத்திகை பார்த்து, அளந்து எடுத்தார்கள். இன்று அட்டையில் எவ்வளவும் பதியலாம் என்பதால் யோசிக்காமல் எடுக்கும் பழக்கம் வந்துவிட்டது. பழைய சிக்கனத்தோடு புதிய கருவியைப் பிடிப்பவனே முன்னேறுவான்.

5. பெரியவர்கள் பழகிய வழி

மட்டக்களப்பை அடுத்த அமிர்தகழியில் பிறந்த பாலு மகேந்திரா, பள்ளிச் சிறுவராக இருந்தபோது மேலே சொன்ன 'குவாய் நதிப் பாலம்' படத்தின் படப்பிடிப்பு இலங்கையில் நடந்ததைக் கண்டார். அந்தக் காட்சியே தம்மை இத்துறைக்கு இழுத்தது என்று அவர் கூறியதுண்டு. பிறகு இந்தியாவுக்குச் சென்று பூனா திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்து 1969-இல் தங்கப் பதக்கத்தோடு வெளிவந்தார். அவர் காமிரா பிடித்த 'நெல்லு' என்னும் மலையாளப் படம் 1974-இல் வந்தது.  'கோகிலா', 'மூன்றாம் பிறை' ஆகிய படங்களுக்காக இந்தியாவின் தேசிய விருது அவருக்குக் கிடைத்தது. 2014-இல் காலமானார்.

சென்னை அடையாற்றிலிருந்த திரைப்படக் கல்லூரியில் படித்தவர் பி. சி. ஸ்ரீராம். 1987-இல் வந்த 'நாயகன்' படத்துக்குத் தேசிய விருது பெற்றார். பத்திரிகைகளுக்குப் புகைப்படம் எடுத்துக்கொண்டிருந்த கே. வி. ஆனந்த் அவரிடம் உதவியாளராகச் சேர்ந்தார். சில படங்களில் கூட நின்று பழகிய பின்னரே தனியாகக் காமிரா பிடித்தார். அந்த முதற்படமாகிய 'தேன்மாவின் கொம்பத்து' 1994-இல் வந்தது. முதற்படத்திலேயே தேசிய விருது கிடைத்தது. ஜீவா, திரு போன்றவர்களும் அதே ஆசிரியரிடம் நின்று பழகியவர்களே. இப்படி உதவியாளராகத் தொடங்கியவர்கள் ஒரு தேர்ந்தவரின் அருகில் சில ஆண்டுகள் நின்றிருக்கிறார்கள். அவர்களைத் தூக்கிவிட்டது அந்த ஆண்டுகளே.

நம் நாட்டில் படிக்க விரும்புவோருக்கு வழிகள் உண்டு. 1994-இல் தேசியக் கலைக் கழகமாகத் தொடங்கி இன்று அஸ்வாரா என வழங்கும் நிலையம், மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம், மல்டிமீடியா பல்கலைக்கழகம் முதலியவற்றில் திரைப்படமோ ஒளிபரப்போ சார்ந்த படிப்புகள் நடந்து வருகின்றன. யாருக்கு இடம் உண்டு, கட்டணம் எவ்வளவு என்பவை ஆண்டுக்கு ஆண்டு மாறும். நேரில் விசாரித்தே சேர்க்க வேண்டும். இவற்றுக்கெல்லாம் அடிப்படை மலாய் மொழியில் நல்ல தேர்ச்சி. ஸ்டுடியோவின் பேச்சு மலாயும் ஆங்கிலமும்தான். தமிழும் தெரிந்தவனுக்கு வானொலி டெலிவிஷன் மலேசியாவின் தமிழ் நிகழ்ச்சிகள், ஆஸ்ட்ரோவின் தமிழ் அலைவரிசைகள், அவற்றுக்குத் தொடர் தயாரிக்கும் சிறு கம்பெனிகள் என்று கூடுதலாக ஒரு சந்தை உண்டு.

6. முதலும் வாடகையும்

இப்போது நமக்கு நன்றாகத் தெரிந்த விஷயத்துக்கு வருவோம்: கணக்கு.

கணக்குக்காக ஒரு தொகையை வைத்துக்கொள்வோம். காமிரா 18,000 வெள்ளி. மூன்று ஆண்டில் அதன் மதிப்பு தேய்ந்துவிடும். 36 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 500 வெள்ளி தேய்மானம். அதே காமிராவை வாடகைக்கு எடுத்தால் நாளுக்கு 200 வெள்ளி என்று வைப்போம். மாதம் இரண்டு நாள் வேலை வருகிறவனுக்கு வாடகை 400 வெள்ளிதான். அவன் வாங்கினால் நஷ்டம். மூன்று நாள் வேலை நிலையாக வந்தால் வாடகை 600 ஆகிவிடும். அப்போதுதான் வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம். அப்போதும் வில்லை, மின்கலம், பதிவு அட்டை, விளக்கு, ஒலிவாங்கி, காப்புறுதி எல்லாம் தனிச் செலவு. சரக்கு ஓடுகிற வேகம் தெரியாமல் கிட்டங்கி கட்டுகிற வியாபாரி உண்டா? வேலை வரும் வேகம் தெரியாமல் காமிரா வாங்குவதும் அதுவே.

அந்த 18,000 வெள்ளி கையில் இருந்தால் அதை வேறு விதமாகப் பயன்படுத்தலாம். கோலாலம்பூரில் அறை வாடகை, சாப்பாடு, பேருந்து என்று மாதம் 1,000 வெள்ளி கொடுத்தாலும் ஒன்றரை ஆண்டுக்கு வரும். உதவியாளன் பெறும் சிறு சம்பளத்தையும் சேர்த்தால் இரண்டு ஆண்டு தள்ளலாம். அந்த இரண்டு ஆண்டில் அவன் பிறர் காமிராக்கள் பலவற்றைத் தொட்டிருப்பான், பலரை அறிந்திருப்பான், எந்தக் கருவி எதற்கு உதவும் என்றும் தெரிந்திருப்பான். அதன் பின் வாங்கும் காமிரா சம்பாதிக்கும்.

பற்று வரவிலும் எச்சரிக்கை தேவை. இத்தொழிலில் பெரும்பாலோர் நாட்கூலிக்காரர்கள். வேலை முடிந்த அன்றே பணம் வருவதில்லை. 60 நாள், 90 நாள் என்று இழுப்பவர்களும் இருக்கிறார்கள். ஆகவே வேலைக்கு முன்பே நாள் சம்பளம், எத்தனை மணி நேரம், மேலதிக நேரத்துக்கு எவ்வளவு, பணம் என்றைக்கு என்பதை எழுத்தில் வாங்க வேண்டும். வாய்ச்சொல்லை நம்பி இறங்குவது, பேரேட்டில் எழுதாமல் கடன் கொடுப்பதற்குச் சமம். 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது படப்பிடிப்புகள் நின்றன. நாட்கூலிக்காரர்களுக்கு வருமானமும் நின்றது. ஆறு மாதச் செலவுக்குரிய பணத்தைச் சேர்த்து வைப்பது, ஊழியர் சேமநிதியில் தாமாகவே கட்டுவது, 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சுயதொழில் செய்வோருக்கு உள்ள சொக்சோ பாதுகாப்பில் சேர்வது, இம்மூன்றையும் தகப்பனார் நிபந்தனையாகவே வைக்கலாம்.

பையன் பிறகு சொந்தக் கம்பெனி நடத்த எண்ணினால் கம்பெனியைப் பதிவு செய்வதோடு, படம் தயாரிப்பதற்குப் பினாஸ் உரிமமும் வேண்டும். வானில் பறக்கும் சிறு காமிராவுக்கு விமானப் போக்குவரத்து அதிகாரிகளின் விதிகள் உண்டு. உரிமம் இல்லாமல் கடை திறப்பதன் பலன் நமக்குத் தெரியாததல்ல.

7. உயிரும் நாணயமும்

படப்பிடிப்பு ஆபத்தில்லாத வேலை என்று எண்ணிவிடக் கூடாது. 2014 பிப்ரவரி 20-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் அனுமதியில்லாமல் ஒரு ரயில் பாலத்தின் மேல் படம் எடுத்தபோது ரயில் வந்து, சாரா ஜோன்ஸ் என்ற 27 வயதுக் காமிரா உதவியாளர் உயிரிழந்தார். அப்படத்தின் இயக்குநர் சிறைத் தண்டனை பெற்றார். 2020 பிப்ரவரி 19-இல் சென்னைக்கு அருகே 'இந்தியன் 2' படப்பிடிப்புத் தளத்தில் கிரேன் சாய்ந்து மூவர் மாண்டார்கள். இரவெல்லாம் வேலை செய்துவிட்டு விடியற்காலையில் தூக்கக் கண்ணோடு நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டுவதும் இதே வகை ஆபத்துதான். "பத்திரமில்லை, நான் ஏறமாட்டேன்" என்று சொல்லும் தைரியத்தைப் பிள்ளைக்கு வீட்டிலேயே கற்பிக்க வேண்டும். ஒரு நாள் கூலி போனால் மறுநாள் வரும், உயிர் வருமா?

சினிமா என்றதும் நம்மில் பலருக்கு மனம் கூசுவது இயல்பே. உருவப்படம் பற்றிய மார்க்கத் தீர்ப்பை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்க. அது இந்தப் பாடத்தின் எல்லைக்கு அப்பாற்பட்டது. ஆனால் தொழிலைப் பற்றி ஒன்று சொல்லலாம். காமிராக்காரனுக்குச் சினிமா மட்டுமே வேலை அல்ல. செய்தி, பந்தாட்டம், பாராளுமன்ற ஒளிபரப்பு, கல்விப் படம், மருத்துவப் பயிற்சிப் படம், விவசாய விளக்கப் படம் என்று எத்தனையோ துறைகள் இருக்கின்றன. மளிகைக்கடை வைத்திருப்பவர் எல்லாச் சரக்கையும் விற்றாக வேண்டுமென்ற விதியில்லை. தன் மனச்சாட்சிக்கு ஒத்த சரக்கை மட்டும் வைத்துக் கண்ணியமாகப் பிழைக்கிறவர்கள் நம்மிடையே ஏராளம். தொழிலில் கை தேர்ந்தவனுக்கே இந்த வேலை வேண்டும், அந்த வேலை வேண்டாம் என்று சொல்லும் வசதி கிடைக்கும். அரைகுறையாகக் கற்றவன் கிடைத்ததை எடுத்தே ஆக வேண்டும். பிள்ளையின் ஒழுக்கத்தில் அக்கறையுள்ள தகப்பனார் அவனை முழுமையாகக் கற்கச் செய்வதற்கு இதுவே பெரிய காரணம்.

நாணயம் இத்தொழிலிலும் மூலதனமே. கல்யாண வீட்டில் பெண்கள் பகுதியில் எடுத்த படம் வேறு கைக்குப் போகக் கூடாது. துக்க வீட்டில் அழுகிறவரின் முகத்தில் காமிராவை நீட்டக் கூடாது. ஒப்புக்கொண்ட நேரத்துக்குக் கால்மணி முந்தி நிற்க வேண்டும். பிறர் கருவியைத் தன் கருவியைவிடக் கவனமாகத் தொட வேண்டும். இவை கடைப்பிள்ளைகளுக்கு நாம் தினமும் சொல்லிக்கொடுக்கும் பாடங்களே. கடையில் வளர்ந்த பையனுக்கு இந்த வகையில் ஒரு முன்வரவு இருக்கிறது என்றே சொல்ல வேண்டும்.

8. தகப்பன்மார் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள்

ஒன்று: பையன் மூன்று மாதம் தொடர்ந்து ஒரே இடத்தை வெவ்வேறு வேளையில் எடுத்துக் குறித்து வந்தானா?

இரண்டு: துவாரம், வேகம், நிறம் மூன்றையும் எனக்கு விளங்கும்படி சொல்ல அவனால் முடிகிறதா?

மூன்று: அவன் யாரிடம் போய் நிற்கப் போகிறான்? அந்த மனிதரை நான் நேரில் கண்டு பேசினேனா?

நான்கு: இரண்டு ஆண்டு பழகும் செலவுக்குக் கணக்கு எழுதினோமா? கருவிக்குரிய பணத்தை அதன் பின்னர் என்று ஒதுக்கி வைத்தோமா?

ஐந்து: இரண்டு ஆண்டு முடிந்ததும் வேலை நாள்களையும் வந்த பணத்தையும் இருவரும் உட்கார்ந்து ஐந்தொகை பார்ப்போம் என்று பேசிக்கொண்டோமா?

இந்த ஐந்துக்கும் திருப்தியான விடை வந்தால் பிள்ளையை மனமார வழியனுப்பலாம். விடை வராவிட்டால் இன்னும் ஓராண்டு கடையில் இருந்துகொண்டே பழகச் சொல்லலாம்; கதவை அடைக்க வேண்டியதில்லை. ஒரு காலத்தில் நம் பாட்டனார்கள் கப்பலேறி இந்நாட்டுக்கு வந்தபோது முதலில் கடை வாங்கவில்லை. யாரோ ஒருவர் கடையில் சில ஆண்டு நின்று, சரக்கையும் சனத்தையும் தெரிந்துகொண்டு, அதன் பிறகே தம் பெயரில் பலகை மாட்டினார்கள். பிள்ளைகள் போகும் தொழில் புதிது. போக வேண்டிய வழி அதே பழைய வழிதான்.